ரத்தினக் கற்கள் மனிதர்களாக வரும் அனிமே: கல் சேகரிப்பவர்கள் யாராவது பார்த்தீர்களா?

டோம்பிவலி லோக்கல்:

வணக்கம். கேள்வி எனக்காக இல்லை, அப்பாவுக்காக.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். உழுது போட்ட காட்டில் ஒரு மழை பெய்தால் மறுநாள் மண்ணுக்கு மேலே கல் மினுங்குமாம். அதைப் பொறுக்குவதுதான் சின்ன வயதில் விளையாட்டு என்பார். அந்தப் பழக்கம் மும்பைக்கும் கூடவே வந்துவிட்டது. டிவிக்குக் கீழே இருக்கிற அலமாரி முழுக்கக் கல். அம்மா அந்த அலமாரிக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

நான் போன வாரம் 'ஹௌசெகி நோ குனி' பார்த்து முடித்தேன். 2017-இல் வந்தது, 12 எபிசோட். ஹருகோ இச்சிகாவாவின் மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) வைத்து ஆரஞ்ச் ஸ்டூடியோ எடுத்தது. மனிதர்களே இல்லாத ஒரு காலம். தீவு மாதிரி ஓர் இடத்தில் 28 பேர், எல்லோரும் ரத்தினக் கற்கள். நிலாவில் இருந்து வருகிறவர்கள் இவர்களை உடைத்து அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக் கூப்பிட்டேன். பத்து நிமிடம் பார்த்தார். "கல்லுக்கு எதுக்குடா முடி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதில் வருகிற கல் சமாசாரமெல்லாம் உண்மையா? கல் தெரிந்தவர்கள் பார்த்தால் ரசிப்பார்களா, எரிச்சல்படுவார்களா? இன்னொன்று. அவர்கள் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. தமிழில் எப்படிச் சொல்வது? வந்தானா, வந்தாளா, வந்ததா?

செம்பூர் கல்லம்மா:

தம்பி, முடி இருப்பதில் தப்பில்லை என்று அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். ஓகெனைட் என்று ஒரு கல், நம் மும்பை, புணே பக்கமே கிடைப்பது. பாறைப் பொந்துக்குள் இலவம்பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும். என்னிடம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த நாத்தனார் "அட, என்ன மெத்துனு இருக்கு" என்று விரலால் ஒரு தடவு தடவினார். படிந்தது படிந்ததுதான், விரல் தடம் இன்றைக்கும் இருக்கிறது. கல்லுக்கு முடி உண்டு. வாரத்தான் முடியாது.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எங்கள் பில்டிங் பிள்ளைகள் வைத்தது. வங்கியில் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கல் சேர்க்கிறேன், பெரும்பாலும் சியோலைட் வகை. நாம் நடக்கிற இந்த ஊரே சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முந்தைய எரிமலைக் குழம்பு. அது ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட குமிழிகளில் பின்னால் வெந்நீர் ஊறி ஊறிப் படிகமானதுதான் என் அலமாரியில் இருக்கிறது.

லாக்டவுனில் மகன் இந்தத் தொடரைப் போட்டுக் காட்டினான். நான் நிறுத்தி நிறுத்திப் பேசியதில் அவன் நாலாவது எபிசோடோடு எழுந்து போய்விட்டான். மீதியை நானே பார்த்தேன்.

என் அபிப்பிராயம் இதுதான்: கற்களின் குணம் அத்தனையும் சரி. பிறந்த ஊர்தான் தப்பு.

குணத்தை முதலில் சொல்கிறேன். கதாநாயகக் கல் ஃபாஸ்ஃபோஃபில்லைட், சுருக்கமாக ஃபாஸ். துத்தநாகமும் இரும்பும் சேர்ந்த பாஸ்பேட், உள்ளே தண்ணீரும் உண்டு. பொலிவியாவின் பொட்டோசியில் எடுத்த நீலப்பச்சைப் படிகங்கள்தான் பேர்போனவை. கடினம் பத்துக்கு 3-இல் இருந்து 3.5 வரை. கதையிலும் அதற்கு மூன்றரைதான். மோதிரத்தில் வைத்தால் தாங்காது. அதனாலேயே சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்கும் வேலையைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள்.

எல்லோரும் இந்த மூன்றரையையே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரின் பின்பாதிதான் முக்கியம். 'ஃபில்லோன்' என்றால் கிரேக்கத்தில் இலை. இலை இலையாகப் பிரிகிற கல் என்று அர்த்தம். அதே இலை என் பிரியமான அபோஃபில்லைட்டின் பெயரிலும் இருக்கிறது. இந்த இலை என்ன செய்யும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும்.

2009-இல் ஜல்காவில் ஒரு பச்சை அபோஃபில்லைட் வாங்கினேன். ஃபாஸின் முடி என்ன நிறமோ, கிட்டத்தட்ட அதே நிறம். மகனின் ஸ்வெட்டரில் சுற்றி, தாதர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, பழைய டூத்பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்துக் கழுவும்போது கை வழுக்கியது. கடப்பா கல் மேடையில் விழுந்தது. விழுந்த உயரம் ஒரு சாண் இருந்தால் அதிகம். நொறுங்கவில்லை, சில்லு தெறிக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் நுங்கைச் சீவினது போல ஒரே மட்டமாக இரண்டு துண்டு. சீவின முகம் முத்துச் சிப்பியின் உள்பக்கம் மாதிரி மினுங்குகிறது. அழுகை வரவேண்டிய இடத்தில் அந்த மினுங்கலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். தொடரில் ஃபாஸ் முதல்முறை உடைந்தபோது மகன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அந்த 'டிக்' ஞாபகம் இருந்திருக்கிறது.

கீறல் விழாமல் இருப்பது ஒன்று, உடையாமல் இருப்பது வேறு. மோஸ் 1812-இல் போட்ட அளவுகோல் முதல் விஷயத்தை மட்டும்தான் சொல்கிறது: எது எதைக் கீறும் என்பதை. அதிலும் அது வரிசை எண்தான். ஒன்பதில் இருக்கும் மாணிக்கத்தைவிடப் பத்தில் இருக்கும் வைரம் ஏறக்குறைய நாலு மடங்கு கடினம். உடைவதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. தொடர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து எழுதியிருக்கிறது. அங்கே வைரம் பத்து என்றாலும் உடையக்கூடியது, ஜேட் கடினத்தில் குறைவு என்றாலும் தாங்கும். நம் வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற ஃபெல்ட்ஸ்பாரைத் தனியாக எடுத்தால் தட்டினால் பிளக்கும். ஆனால் மணி மணியாகப் பின்னிக்கொண்டு கிடப்பதால், கீழே போட்டால் தரைதான் உடையும். ஜேட் இன்னும் பொடியான பின்னல்.

சின்னபார் என்பது நம் சாதிலிங்கம். சித்த மருந்துக் கடைக்காரருக்கு இலிங்கம். பாதரசமும் கந்தகமும். உண்மைக் கல் வெளிச்சத்தில் கிடந்தால் கறுத்துப்போகும். என்னுடையதைக் கறுப்புத் துணி சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன். கதையில் அதற்குக் கொடுத்திருக்கிற வேலை ராக்காவல். இது தற்செயலா, தெரிந்தே செய்ததா என்று யோசித்து அன்றைக்கு எனக்குத் தூக்கம் போனது. பாதரசம் தானாக உடம்பில் இருந்து வழிவதுதான் கொஞ்சம் அதிகம். சாதிலிங்கத்தைச் சுட்டால்தான் பாதரசம் பிரியும். சில சுரங்கங்களில் அதன் மேலேயே வெள்ளி மணிகளாகப் பாதரசம் ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்பதால் மன்னித்துவிட்டேன்.

அமெதிஸ்ட் இரட்டையர்களின் பெயர் எண்பத்து நாலு, முப்பத்து மூன்று. அந்த இடத்தில் நான் போட்ட சத்தத்தில் மகன் பயந்துவிட்டான். அமெதிஸ்ட் என்பது ஊதா குவார்ட்ஸ். குவார்ட்ஸில் 'ஜப்பான் விதி இரட்டை' என்று ஒன்று உண்டு, இரண்டு படிகங்கள் இதயம் மாதிரி ஒட்டிப் பிறக்கும். அந்தக் கோணம் 84 டிகிரி 33 நிமிடம். இதைக் கதையில் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. தெரிந்தவன் சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். மார்கனைட்டும் கோஷனைட்டும் ஜோடியாகத் திரிவார்கள், இரண்டுமே பெரில் என்ற ஒரே கனிமம். காங்கேயம் பக்கம் படியூரில் இருந்து ரோமாபுரிக்குப் போனதும் பெரில்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், திரும்ப வந்து உட்காருவார்.

இப்போது தப்பு. கதையில் எல்லோரும் ஒரே கடற்கரைப் பாறையில் இருந்து பிறந்து விழுகிறார்கள். இதுதான் எனக்கு ஒப்பவில்லை. வைரம் பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே உண்டாகி எரிமலைக் குழாயில் மேலே வருவது. சாதிலிங்கம் மேல்மட்டத்து வெந்நீரில் படிவது. அண்டார்க்டிசைட் அண்டார்க்டிகாவின் உப்புக் குட்டையில் 1960-களில் கண்டுபிடித்தது. இந்த மூன்றும் ஒரே பாறையில் பிறக்கவே பிறக்காது. பூமியை ஆறு விண்கல் தாக்கி எல்லாம் கலைந்துபோன பிறகு நடக்கிற கதை என்று சமாதானம் சொல்கிறார்கள், சரி. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கல்லைவிடக் கல்லோடு வரும் சீட்டுதான் பெரிது. எந்த ஊர், எந்தக் குவாரி, எந்த வருடம். சீட்டு தொலைந்த கல் அனாதை. என்னிடம் காந்திவலி குவாரி என்று எழுதின ஒரு பிரெனைட் இருக்கிறது. அந்தப் பக்கம் இப்போது போனால் கட்டடம்தான் இருக்கிறது. அந்தச் சீட்டு மட்டும் இல்லையென்றால் அது வெறும் பச்சைக் கல்.

கடைசிக் கேள்விக்கு: நான் 'அது' என்றே சொல்கிறேன். அஃறிணை என்பதால் இல்லை. இருபத்திரண்டு வருடமாக என் வீட்டில் எல்லாக் கல்லும் 'அது'தான், அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

பாந்த்ரா குர்லா பத்தாவது மாடி:

அக்கா சொன்னதில் வைரம் பற்றி மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன். வைரம் தரம் பிரிக்கிற வேலை, பன்னிரண்டு வருடம் ஆகிறது.

வைரத்தைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து அடித்துப் பார்க்காதீர்கள். வைரத்துக்கு நாலு திசையில் சுத்தமான பிளவு உண்டு. அந்தக் காலத்தில் கரட்டுக் கல்லைப் பிளந்ததே அந்தத் திசை பார்த்து ஒரு தட்டுத் தட்டித்தான். மோதிரத்தில் பதிக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் அழுத்தம் கூடிப்போய் முனை தெறித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதித்தவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

எனக்கு அந்தத் தொடரில் பிடித்தது போர்ட். கறுப்பாக, கோபமாக, எல்லோரையும்விடப் பலசாலியாக வருகிறதே, அதுதான். எங்கள் தொழிலில் போர்ட் என்றால் நகைக்கு ஆகாத கல். அரைத்துப் பொடியாக்கி மற்ற வைரத்தைப் பட்டை தீட்ட எடுத்துக்கொள்வார்கள். பொடிப் படிகங்கள் குறுக்கும் மறுக்குமாகச் சேர்ந்த கட்டி என்பதால் ஒரே மட்டமாகப் பிளக்காது. அழகான வைரம் பொறாமையோடு பார்க்கிற தம்பியாக அந்தக் கழிவுக் கல்லை வைத்த யோசனைக்கே ஒரு கும்பிடு.

இன்னொரு விஷயம். எங்கள் வேலையே லென்ஸை வைத்துக்கொண்டு கல்லுக்குள் குற்றம் தேடுவது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைத்தெருவைச் சொல்லும்போதே காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைப் பட்டியல் போட்டுவிட்டார்கள். இந்தக் கதையில் அந்த உள்ளே கிடக்கிற தூசிதான் உயிர். கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள், வெளிச்சத்தைத் தின்று கல்லை நடக்க வைக்கின்றன. அதைப் பார்த்த மறுநாள் ஆபீசில் ஒரு கல்லைக் குற்றம் அதிகம் என்று ஓரமாகத் தள்ளும்போது கொஞ்சம் தயங்கினேன். அப்புறம் தள்ளிவிட்டேன், சம்பளம் அதற்குத்தானே.

கதையில் கற்களுக்கு வாத்தியாராக வருபவர் பெயர் கோங்கோ. ஜப்பானில் அதற்கு வச்சிரம் என்று பொருள். வைரம் என்ற நம் சொல்லும் வச்சிரம் என்பதில் இருந்து வந்ததுதான். நிலாக்காரர்கள் மேகத்தில் வாத்தியத்தோடு வருவதைப் பார்த்தால் பௌத்த ஓவியம்தான் ஞாபகம் வரும். இங்கே போரிவலியில் கன்ஹேரி குகைகளுக்குப் போய்விட்டு வந்து அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள்.

ஜியாலஜி இரண்டாம் வருடம்:

எல்லாம் சரி மேடம், மணலை மறந்துவிட்டீர்களே? கடற்கரை மணலில் குவார்ட்ஸ் இருந்தால் அதன் கடினம் 7. மூன்றரைக் கால் அதன் மேல் முந்நூறு வருடம் நடந்தால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி முழங்கால் வரை கரைந்திருக்க வேண்டும். வீட்டுத் தூசியே கல்லின் பாலிஷைக் கெடுக்கும் என்று எங்கள் லேபில் சொல்வார்கள்.

அப்சிடியன் வேறு அங்கே ஒரு ஆள். அது எரிமலைக் கண்ணாடி. படிகமே இல்லை, கனிமப் பட்டியலிலேயே சேராது. அதை எப்படி உள்ளே விட்டார்கள்?

செம்பூர் கல்லம்மா:

மணல் கேள்வி நியாயம், எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் போலிருக்கிறது, பின்னால் கால் போய் அகேட் கால் வைத்ததும் அது அந்த ஓட்டம் ஓடுகிறது! அகேட்டும் குவார்ட்ஸ் குடும்பம், 7-க்குப் பக்கம்.

அப்சிடியனைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கத்தி செய்யத் தெரிந்தவர் என்பதால் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் சொசைட்டியிலும் அப்படி ஒரு பிளம்பர் உண்டு, மெம்பர் இல்லை, எல்லா மீட்டிங்கிலும் இருப்பார்.

டோம்பிவலி லோக்கல்:

கால் போகுமா? அப்பா இன்னும் அது வரைக்கும் வரவில்லை, பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்!

செம்பூர் கல்லம்மா:

ஐயோ, மன்னிக்கச் சொல்லுங்கள்.

சயான் சிக்னல்:

தொடரைப் பார்த்த ஜோரில் நான் ஆன்லைனில் ஒரு ஃபாஸ்ஃபோஃபில்லைட் வாங்கினேன். 1,800 ரூபாய். அழகான நீலப்பச்சை, கட்டைவிரல் அளவு. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. தையல் ஊசியால் அடிப்பக்கம் லேசாகக் கீறிப் பார்த்தேன், ஊசிதான் வழுக்குகிறது. நான் ஏமாந்தேனா?

பாந்த்ரா குர்லா பத்தாவது மாடி:

பத்து மடங்கு லென்ஸ் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே உருண்டையாகக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. மூன்றரைக் கல்லை எஃகு ஊசி கீற வேண்டும். கட்டைவிரல் அளவு நல்ல படிகம் அந்த விலைக்கு வராது சார்.

சயான் சிக்னல்:

குமிழி இருக்கிறது. மூன்று. பேப்பர் வெயிட் ஆக்கிவிட்டேன்.

டோம்பிவலி லோக்கல்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அப்பா 12 எபிசோடும் பார்த்துவிட்டார்.

படியூர் பெரில் என்று சொன்னதும் உட்கார்ந்தவர்தான். மார்கனைட், கோஷனைட் வரும்போதெல்லாம் "நம்மூர்க்காரங்க" என்கிறார். மாங்கா 2012-இல் ஆரம்பித்து 2024-இல்தான் முடிந்தது, 13 புத்தகம் என்று சொன்னேன். "அதுல கால் மட்டுந்தானா, இன்னும் போகுமா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

அவரை உலுக்கியது அண்டார்க்டிசைட். மற்றவர்கள் எல்லாம் குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்து தூங்கப்போகும்போது, அது மட்டும் குளிரில் இறுகி எழுந்து தனியாகப் பனி பார்க்கிறதே, அந்த எபிசோட். வெயில் காலத்தில் அது வெறும் தண்ணீர். "இது என்ன கல்லுடா?" என்று நிறுத்தச் சொன்னார். தேடிப் பார்த்துக் கால்சியம் குளோரைடு, ஆறு பங்கு தண்ணீரோடு சேர்ந்த படிகம் என்று படித்துக் காட்டினேன். "கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்னு இதைத்தான் சொன்னாங்களா" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் அம்மாவின் பட்டுப்புடவை பீரோவைத் திறந்தார்.

ஜூலை மாதம் மும்பையில் எல்லோர் வீட்டு பீரோவிலும் ஒரு டப்பா வைப்போமே, ஈரம் உறிஞ்ச. மேலே வெள்ளை வெள்ளையாக உப்பு இருக்கும், நாள் ஆக ஆக உருகிக் கீழே தண்ணீர் நிற்கும். லேபிளில் கால்சியம் குளோரைடு என்றுதான் போட்டிருக்கிறது. "ஏழு வருஷமா இதை சிங்க்ல கொட்டிட்டு இருக்கோம்" என்றார்.

இப்போது அந்தத் தண்ணீர் ஊறுகாய் பாட்டிலில் எங்கள் ஃபிரிட்ஜுக்குள், தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று நாள் ஆகிவிட்டது, இன்னும் உறையவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறார். அம்மா இன்னும் பார்க்கவில்லை. எவ்வளவு நாள் ஆகும் என்று கல்லம்மா மேடத்திடம் கேட்கச் சொன்னார்.

செம்பூர் கல்லம்மா:

உறையாது. நம் ஊர் ஈரத்தில் அது தேவைக்கு மேல் குடித்திருக்கும், தண்ணீர் ரொம்ப அதிகம். புது டப்பா ஒன்று வையுங்கள், மேலே பாதி உப்பு மிச்சம் இருக்கும்போதே அடியில் நிற்பதை எடுக்கச் சொல்லுங்கள். அதில் அந்த உப்பையும் ஒரு சிட்டிகை போட்டுக் குளிரில் அசையாமல் வைத்தால் வாய்ப்பு உண்டு. தயிர்ப் பக்கம் வேண்டாம், மேல் தட்டில் மூலையில். பாட்டிலில் 'குடிக்காதே' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

படிகம் வந்தால் ஒரு சீட்டும் எழுதச் சொல்லுங்கள்: டோம்பிவலி, பட்டுப்புடவை பீரோ, ஜூலை.